பார்வைக்கு எக்ஸலன்ட், ஊசிக்குக் கீழே வேறு கதை

பழைய வினைல் இசைத்தட்டு ஒன்று வாங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. அதன் முதல் பக்கத்துக்கு ஒருவழியாக கிரேடு, அதாவது எந்த நிலையில் இருக்கிறது என்ற தரம், போட்டுவிட்டேன். இரண்டாம் பக்கம் இன்னும் அடங்க மறுக்கிறது.

தட்டு, பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973, ஹார்வெஸ்ட் நிறுவன வெளியீடு, பட்டியல் எண் எஸ்.எச்.வி.எல். 804. லேபிளில் முக்கோணம் முழுக்க வெளிர்நீலம் நிரம்பிய ஆரம்ப அச்சு. பின்னால் வந்ததில் முக்கோணத்துக்கு வெறும் நீலக் கோடுதான் என்பது உங்களுக்குத் தெரியும். தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண் (எந்த மூல வெட்டு என்று சொல்வது) ஏ-2, பி-2. ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல் (காரின் டிக்கியில் வைத்துப் பழைய பொருள் விற்கும் சந்தை) ஒன்றில், பழைய சமையல் புத்தகங்களுக்கு நடுவே செருகிக் கிடந்தது. போஸ்டர் இரண்டில் ஒன்று இருந்தது, ஸ்டிக்கர் இரண்டுமே போயிருந்தன. நாற்பது பவுண்டு. பேரம் பேச வாயே வரவில்லை, கொடுத்துவிட்டு நடந்தேன்.

இன்னொரு சந்தோஷம் எனக்கு மட்டுமே உரியது. இ.எம்.ஐ. நிறுவனம் இதை அச்சடித்த, லண்டனின் மேற்கு ஓரத்து ஹேய்ஸ், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அந்தப் பழைய வளாகத்தில் இப்போது 'தி ஓல்ட் வினைல் ஃபேக்டரி' என்ற பெயரில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஐம்பது வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்திருக்கிறது இந்தத் தட்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் மேசை விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் தட்டின் மேல் தவழ்ந்து போகிற மாதிரி பிடித்துப் பார்த்தேன். உறை உரசிய மயிரிழைக் கோடுகள் நாலைந்து, அவ்வளவுதான். நகத்தில் தட்டுகிற கீறல் ஒன்றுகூட இல்லை. நடுத்துளையைச் சுற்றி லேபிளில், பிளேயரின் நடுக்கம்பி தடவிய தடமும் குறைவு. அதிகம் சுழலாத தட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். 'எக்ஸலன்ட்' என்று நோட்டில் எழுதியே விட்டேன். அமெரிக்கக் கணக்கில் வி.ஜி. (வெரி குட்) பிளஸ். அங்கே நியர் மிண்ட், அதாவது புதிது போன்ற தட்டின் விலையில் அதற்குப் பாதி.

தட்டு கழுவும் க்னோஸ்டி தொட்டியில் கழுவி, டீஅயனைஸ்டு (தாது நீக்கிய) தண்ணீரில் இரண்டாம் முறை அலசி, ஒரு ராத்திரி காயவைத்து ஊசியை இறக்கினேன். இந்த ஆல்பம் இதயத் துடிப்போடு தொடங்குகிறது. ஏறக்குறைய நிசப்தத்திலிருந்து மெல்ல எழும்பி வரும் ஒலி. தட்டில் ஒரு தூசி இருந்தாலும் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே சுத்தம். 'டைம்' பாட்டின் கடிகாரங்கள் எல்லாம் மணி மணியாக விழுந்தன. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' வந்தது. கிளேர் டோரியின் குரல் உச்சிக்கு ஏறுகிற இடத்தில், நல்ல துணி கிழிகிற மாதிரி ஒரு கரகரப்பு. இரண்டாம் பக்கம் 'எக்லிப்ஸ்' அதைவிட மோசம்.

கீறலாக இருந்தால் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும், ஒரு சுற்றுக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும். இது அப்படி இல்லை, சத்தம் ஏற ஏற கூடவே ஏறுகிறது. அழுக்கு என்று நினைத்து மறுபடி கழுவினேன். ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறையும் கழுவினேன். துளிகூட மாறவில்லை.

ஹாரோவில் இருக்கும் அண்ணாவுக்கு போன் போட்டேன். முப்பது வருடமாகச் சேர்ப்பவர். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "தம்பி, அது பள்ளம் தேஞ்சிருக்கு. தேஞ்ச ஊசியில யாரோ போட்டுக் கேட்டிருக்காங்க. வெளிவட்டத்தைப் பார்த்து கிரேடு போடாதே, கடைசிப் பாட்டைப் போட்டுப் பாரு" என்றார்.

யோசித்தால் அதுதான் நியாயம். வெளி ஓரத்தில் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஊசியின் கீழ் ஓடுகிறது, லேபிள் பக்கம் வரும்போது 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கி அமர்ந்திருக்கிறது. மழுங்கிய ஊசி முதலில் கடித்துக் குதறுவது அந்த நெருக்கத்தைத்தான். விளக்கு வெளிச்சத்தில் இது கண்ணில் படவே இல்லை.

அண்ணா தன் சிவப்பு ஊசியைக் கொடுத்து அனுப்பினார். ஆடியோ டெக்னிகா வி.எம். 95 வரிசை கார்ட்ரிட்ஜ்களில் (ஊசியைத் தாங்கும் பாகம்) உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் உருவி மாற்றலாம். என்னிடம் இருப்பது பச்சை, எலிப்டிகல், அதாவது நீள்வட்ட முனை. அவருடையது எம்.எல்., மைக்ரோலைன். அதன் முனை பள்ளத்தின் சுவரை மேலும் கீழுமாக நீளவாக்கில் தொடுகிறது, அதனால் பழைய ஊசி தேய்க்காத இடமும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஊசி தட்டை அழுத்தும் எடையை 2 கிராமில் வைத்துப் போட்டேன். டோரியின் குரலில் இருந்த கிழிசல் முக்கால்வாசி போய்விட்டது! நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அதே பள்ளம், அதே தட்டு.

ஆனாலும் முதல் பக்கத்துக்கு எக்ஸலன்டுக்கு ஒரு படி கீழே, வி.ஜி. என்றுதான் எழுதியிருக்கிறேன். வாங்குகிறவர் வீட்டில் மைக்ரோலைன் இருக்கும் என்று எண்ணி கிரேடு போடுவது நேர்மை இல்லை. விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் நோட்டில் பொய் எழுத மனம் ஒப்பவில்லை. 'பார்வைக்கு எக்ஸலன்ட், கேட்டால் வி.ஜி.' என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். கண்ணால் மட்டும் பார்த்து கிரேடு போட்டு அனுப்புகிற விற்பனையாளர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். குறைந்தது கடைசிப் பாட்டில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு எழுதினால் என்ன?

இடையில் ஒன்று. பாட்டு முடிந்து லேபிளை ஒட்டி இருக்கும் வெற்றுப் பகுதியை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வலப்பக்கம் ஜி.ஏ. என்று இருந்தது. 'கிராமஃபோன் லிமிடெட்' என்பதிலிருந்து எடுத்த பத்து எழுத்துக் கணக்கில் ஜி என்றால் 1, ஏ என்றால் 3. ஆக, 13-ஆவது ஸ்டாம்பர், அதாவது தட்டை அழுத்தி எடுக்கும் அச்சு. இடப்பக்கம் மதர், அதாவது அந்த அச்சுக்குத் தாயான தட்டின் எண் 2. இவ்வளவு ஆரம்பத்துத் தட்டு என் கைக்கு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

உள்ளுறைகள் தீர்ந்துவிட்டன, பாலித்தீன் உள்வரி வைத்ததையே ஐம்பதாக வாங்கப் போகிறேன், வெறும் காகித உறைதான் அந்த மயிரிழைக் கோடுகளைப் போடுகிறது. அப்புறம் 1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஒன்று, கறுப்பு பிளாஸ்டிக் உறை கிழியாமல், கை குலுக்கும் ஸ்டிக்கரோடு கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இருக்கும் மாமாவிடம் கொல்கத்தாவின் டம் டம் ஆலையில் அச்சான தட்டுகள் எங்கேயாவது கண்ணில் பட்டால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். சிவப்பு ஊசியிலும் 'எக்லிப்ஸ்' முழுதாகத் தெளியவில்லை. ஊசியின் கோணத்தைச் சரிசெய்யப் பல அளவுமுறைகள் உண்டு. இதுவரை என் கார்ட்ரிட்ஜை பேர்வால்ட் அளவில்தான் பொருத்தியிருக்கிறேன், அதன் உள் பூஜ்யப் புள்ளி, அதாவது ஊசி பள்ளத்துக்குச் சரியாக நேராக நிற்கும் இடம், தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ. ஸ்டீவன்சன் அளவில் அது 60.3 மி.மீ.க்கு வரும், கிட்டத்தட்ட அந்தப் பாட்டு முடிகிற இடத்துக்கே. அளவுத் தாளை அச்செடுத்து, அளவுகோல் வைத்துச் சரிபார்த்துவிட்டேன். அண்ணா ஊசியை அடுத்த ஞாயிறு வரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது கழற்றி மாட்டப் போகிறேன்.