சொந்த வீடு வாங்கியாயிற்று, வாடகை ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை

வீடு பதிவாகிவிட்டது, சாவியும் கைக்கு வந்துவிட்டது. மனம் நிறைந்திருக்கிறது. ஆனால் வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. வீட்டுக்கடன் தவணையையும் வாடகையையும் சேர்த்துக் கட்டுவது எந்தக் குடும்பத்துக்கும் பாரம்தான்.

இதே நிலையில் இருப்பவர்களே, முதலில் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். எங்களுடையதில் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குச் சற்று மேலே, குறிப்பிட்ட காலம் கழிந்தபின் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், சொந்த வீடு வாங்கியது மட்டுமே ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைப் பொதுவாகத் தந்துவிடாது. உரிமையாளரின் சம்மதம் வேண்டும். நமக்குப் பதிலாக நம்பகமான ஒருவரைக் காட்டினால் பேச்சு சுமுகமாகும். உரிமையாளரும் புதிய ஆளைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு நம்மிடம் முழு வாடகையும் கேட்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். வெளியேறும் தேதி, முன்பணத்தில் பிடித்தம் எவ்வளவு, இனிப் பாக்கி இல்லை என்பது எல்லாம் எழுத்தில், இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும். எங்கள் வீட்டுக்கார அம்மா நேற்றுக் கையெழுத்திட்டுவிட்டார், மின் மீட்டரில் ஓடிய எண்ணையும் அதிலேயே குறித்து. அடுத்த வாரம் குடிபோகிறோம்.