அண்ட், பட், ஆர்: மாலை வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 3, 2024

ஆங்கில இணைப்புச் சொற்களில் இன்று அண்ட். பெயர்களைச் சேர்க்கும்வரை தொந்தரவு இல்லை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் என்று தமிழில் ஒவ்வொன்றின் வாலிலும் ‘உம்’ ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் கடைசிப் பொருளுக்கு முன்னால் ஒன்று போதும்: ரைஸ், தால் அண்ட் ஆயில்.

வினைச்சொல் வந்ததும் வகுப்பே குழம்பியது. ‘எழுந்து, சாப்பிட்டு, பஸ் பிடிச்சு வந்தேன்’ என்பதில் காலம் காட்டும் வேலையைக் கடைசி ‘வந்தேன்’ மட்டும் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘ஈட்டிங் அண்ட் கேம்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எல்லா வினையும் இறந்தகாலத்தில் நிற்க வேண்டும்: ஐ காட் அப், ஏட் அண்ட் டுக் த பஸ்.

ஜூன் 5

பட். ‘பட் அவன் வரலையே’ என்று தமிழிலேயே பேசுகிறவர்களுக்கு இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது? இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்த்தால் பட்டுக்கு முன் ஒரு கமா. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 7

ஆர். ‘டீயா காபியா?’ என்பது டீ ஆர் காஃபி ஆனது. சிக்கல் மறுப்பில். ‘டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம்’ என்பதை எல்லோரும் ‘ஐ டோன்ட் வான்ட் டீ அண்ட் காஃபி’ என்று எழுதியிருந்தார்கள். ஆர் போடச் சொன்னேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் விடவில்லை: “ரெண்டுமே வேணாம்னுதானே மிஸ் சொல்றேன், அப்புறம் எதுக்கு ‘அல்லது’?”

நியாயமான கேள்வி. அண்ட் போட்டால் ‘ரெண்டையும் சேர்த்துத் தராதே, ஒன்று கொடு’ என்றும் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். ஆர் போட்டால் தனித்தனியாக இரண்டையும் மறுத்தாயிற்று. தொல்காப்பிய இடையியல் ‘உம்’முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அத்தனைக்கும் அண்ட் எப்படிப் போதும்? ‘நானும் வர்றேன்’ என்றால் அண்ட் அல்ல, டூ (too).

ஜூன் 10

பிகாஸும் ஸோவும். ‘மழை பெஞ்சதால’ என்னும்போது ‘ஆல்’ காரணத்துக்குப் பின்னால் வருகிறது. அதனால் ‘இட் ரெய்ன்ட் பிகாஸ் ஐ டிட் நாட் கம்’ என்று எழுதி, இவர் வராததால் மழை பெய்ததாக ஆக்கிவிடுகிறார்கள்! பலகையில் பெரிதாக எழுதினேன்: பிகாஸுக்கு அடுத்து காரணம், ஸோவுக்கு அடுத்து விளைவு.

பிறகு எல்லோரையும் பள்ளி லீவ் லெட்டரைச் சொல்லச் சொன்னேன். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...’ ஒரே குரலில் வந்தது. அந்த ஆஸும் இணைப்புச் சொல்தான். காரணம் முன்னே, விளைவு பின்னே என்று தமிழ் வரிசையிலேயே அமைந்த வாக்கியம் அது. இத்தனை வருஷம் அர்த்தம் பார்க்காமல் ஒப்பித்திருக்கிறோம்.

ஜூன் 12

ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ ஆகிய ஏழு சொற்களையும், ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஃபேன்பாய்ஸ்’ (FANBOYS) என்று மனப்பாடம் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். தொடக்கக்காரர்களுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் சொல்லும் ஃபாரை இன்று பேச்சில் யாரும் எடுப்பதில்லை. ‘ஃபார் யூ’வோடு சேர்ந்து குழப்பும், அவ்வளவுதான்.

‘இருந்தாலும்’ என்னும் பொருளில் ஆல்தோ போட்டால் அதே வாக்கியத்தில் பட் வேண்டாம் என்பதோடு முடிக்கப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டும் அண்ணன் பயணிக்கு அனுப்பிய மெசேஜைக் காட்டினார்: ‘ஐ ஆம் லேட் பிகாஸ் ட்ராஃபிக், ஸோ ப்ளீஸ் வெயிட்.’ வரிசை அத்தனையும் சரி. ட்ராஃபிக் வெறும் பெயர் என்பதால் பிகாஸ் ஆஃப் வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பு அதுதான்.