பின்குறிக் கட்டையும் அதன் கீழே ஓர் ஈயத் தடமும்: இதுவரை தெரிந்தது

பொருள்: தக்கலைப் பக்கம் ஒரு ஆக்கர் (பழைய இரும்பு) கடையில், நெம்புவதற்கு வைத்திருந்த 38 செ.மீ. பழைய துப்பாக்கிப் பேரல் (குழல்) துண்டு. முன்பக்கத்தை யாரோ அறுத்துவிட்டார்கள். பின்முனை அடைப்பு அப்படியே இருக்கிறது. வலப்பக்கம் நிப்பிள் (கேப் என்ற சிறு வெடிமூடியை மாட்டும் துளையுள்ள முனை) மாட்டும் திமிலும் இருக்கிறது. ஏணிபோல் நிமிரும் ரியர் சைட் (குறிபார்க்கும் பின்குறி) இருக்கவேண்டிய இடத்தில், நடுவில் ஒரு வெட்டு மட்டும் போட்ட சின்ன இரும்புக் கட்டை. தேடுவது இந்தக் கட்டையின் வரலாற்றைத்தான்.

நம் ஊரில் பழைய குழல் எது கிடைத்தாலும் ‘டிலனாய் உதயகிரிக் கோட்டையில் வார்த்தது’ என்று சொல்லிவிடுவது வழக்கம். திருவிதாங்கூர்ப் படைத்தளபதியான டிலனாய் இறந்தது 1777-இல். நிப்பிளில் கேப் மாட்டிச் சுடும் முறை பிரிட்டிஷ் படைக்கு வந்ததே 1830-களுக்குப் பிறகு. அந்தத் திமில் ஒன்றே அந்தக் கதையை முடித்துவிடுகிறது.

கட்டைக்குப் பொருந்தும் விளக்கம் வேறு. பிரிட்டிஷ் படையின் என்ஃபீல்டு பேட்டர்ன் (மாதிரி) 1853 ரைஃபிளின் துளை 0.577 அங்குலம், அதாவது 14.7 மி.மீ.; உள்ளே மூன்று காடிகள் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள்); பேரல் 39 அங்குலம். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கு ரைஃபிள் கொடுக்க ஆங்கிலேயர் தயங்கினார்கள். அதனால் காடிகளைக் குடைந்தெடுத்துத் துளையை 0.656 அங்குலமாக்கி (16.7 மி.மீ.), தூரக்குறி சைட்டை நீக்கி அசையாத கட்டை வைத்தார்கள். அதுதான் பேட்டர்ன் 1858. குடைந்ததால் சுவர் மெலிந்தது. வாய்ப்பக்கம் வெளிவிட்டம் சுமார் 20 மி.மீ. என்றால், முன்பு 2.7 மி.மீ. இருந்த சுவரில் 1.7 மி.மீ.தான் மிஞ்சும். பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் இடம் நசுங்கியது, வளைந்தது. ஆகவே தடித்த பேரலோடு பேட்டர்ன் 1859 வந்தது. அதிலும் இதே மாதிரிக் கட்டைதான். நம் துண்டில் வாய்ப்பக்கமே இல்லை. பின்பக்கம் எல்லா மாதிரியிலும் தடிமன்தான், எனவே சுவரை அளந்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

முதல் வேலை பாதுகாப்பு. வாயில் திணித்துச் சுடும் குழலில் நூறு வருஷப் பழைய வெடிமருந்தும் கிடக்கலாம். மரக்குச்சியை அடிவரை விட்டு அடையாளம் போட்டு, அதே குச்சியை வெளியே வைத்து ஒப்பிட வேண்டும். இங்கே உள்நீளம் 4 செ.மீ. குறைந்தது; அடியில் ஏதோ அடைத்திருந்தது. நிப்பிள் துளையை மேலே வைத்துத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டியதில் வந்தது செம்மண். மருந்தாக இருந்திருந்தாலும் வெடியுப்பு தண்ணீரில் கரைந்துவிடும். அளந்து முடிக்கும்வரை நெருப்பு, கிரைண்டர், டிரில் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

துரு எடுக்கும்போதுதான் அதிகம் கெட்டுப்போகும். புளி, வினிகர், எலுமிச்சை வேண்டவே வேண்டாம்; அமிலம் ஈயப் பற்றை (சைட்டைப் பேரலில் பற்றவைத்த ஈயம்) தின்றுவிடும், நமக்கு வேண்டிய சாட்சியே அந்தப் பற்றுதான். எமரித் தாளும் கூடாது. மண்ணெண்ணெயில் பத்து நாள் ஊறவைத்து, ஈர்க்கிலாலும் செம்புக்கம்பி பிரஷாலும் தேய்த்தது போதுமானதாக இருந்தது. கடற்காற்று உப்பு உள்ளே இருந்தால் நாலைந்து நாளில் ஆரஞ்சு நிறத்தில் சொட்டுச் சொட்டாகத் துரு கசியும். அப்படிக் கசிந்ததால் பேட்டரித் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தேன்மெழுகு பூச வேண்டியிருந்தது. தேங்காயெண்ணெய் நாளாவட்டத்தில் காறிப்போய் இரும்பை அரிக்கும்.

துளையை அளக்க மெழுகு வார்ப்பு சரிப்படவில்லை: இறுகும்போது சுருங்குவதால் அளவு குறைவாகக் காட்டுகிறது. லேத்தில் கடைந்த அலுமினியக் குச்சிகள்தான் நம்பகமானவை. 16.5 மி.மீ. தாராளமாகப் போனது, 16.7 இறுக்கமாகப் போனது, 16.9 போகவில்லை. அளவு ஒத்துவருகிறது. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. படையிலிருந்து கழித்துவிட்ட என்ஃபீல்டுகளைத் தனியார் வேட்டைக்காகக் குடைந்து விற்றதும் உண்டு. பர்மிங்காம் தனியார் சோதனை முத்திரையோடு (பேரல் வெடிப்பைத் தாங்கும் என்று சோதித்ததற்கான குறி) பேரலின் பின்முனை இடப்பக்கம், துளை அளவைக் குறிக்கும் 24 அல்லது 25 என்ற எண் இருந்தால், அது 0.577 துளையில் வணிகத்துக்குச் செய்து, பிறகு குடைந்தது. இங்கே எண் எதுவும் தெரியவில்லை. அதே இடத்தில் துரு குழி பறித்திருக்கிறது, எனவே ‘எண் இல்லை’ என்று எழுதிவைக்க மனம் வரவில்லை.

தடம் கிடைத்தது கட்டைக்கு முன்னால். கட்டையின் விளிம்பைத் தாண்டி வாய்ப்பக்கமாக, மங்கிய வெள்ளையில் ஈயப்பற்று நீள்கிறது. பற்றவைக்கும்போது வழிந்ததாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. வழிந்த ஈயம் ஓரத்தில் உருண்டு, குட்டைபோல் நிற்கும். இதன் இரண்டு ஓரமும் பேரலுக்கு இணையாக நேர்கோடு. முன்விளிம்பும் குறுக்காக நேராக முடிகிறது. கட்டையைவிட நீளமான ஒன்று முன்பு அங்கே உட்கார்ந்திருந்தது. பேட்டர்ன் 1853-இன் சைட் அடித்தளம் அப்படி நீளமானதுதான். தொடக்கத்திலேயே கட்டையோடு செய்த 1859 பேரலில் இந்தத் தடத்துக்கு வேலையில்லை.

எனவே இது 1853-ஐ மாற்றிச் செய்தது. படைக்காக மாற்றிய 1858-ஆ, தனியார் பட்டறை வேலையா என்பதைப் பேரலின் அடிப்பக்க முத்திரைதான் சொல்ல வேண்டும். அங்கே பாதித் துருவே போயிருக்கிறது. ஒரு கிரீடத்தின் மேல்வளைவு தெரிகிறது, கீழே உள்ள எழுத்து இன்னும் மூடியிருக்கிறது. மண்ணெண்ணெயில் இன்னொரு பத்து நாள்.