மூன்றாவது ட்யூபில்தான் விடிந்தது: ஹெச்ஐவி ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட்

டி.எல்.டி. (டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஹெச்ஐவி மாத்திரை) சாப்பிட்டும் வைரல் லோடு (ஒரு மில்லியில் உள்ள வைரஸ் அளவு) ஆயிரத்துக்குக் கீழே இறங்காத ஒருவருக்கு எந்த மருந்து கைவிட்டது என்று பார்க்க அனுப்பிய ஜீனோடைப்பிங் (வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் டெஸ்ட்) முடிவு ஒருவழியாக வந்துவிட்டது. சீக்வென்ஸிங் மெஷின் ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை. வீணானதெல்லாம் ஊசி குத்திய இடத்திலும் படிவத்திலும்தான்.

முதல் ட்யூப் பச்சை மூடி, அதாவது ஹெப்பாரின். பிளாஸ்மா தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் பிசிஆரில் பெருக்கிய மரபணுத் துண்டு தெரிய வேண்டிய ஜெல்லில் பட்டையே விழவில்லை. ஹெப்பாரின் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வோடு கூடவே வந்து பிசிஆர் நொதியை முடக்கிவிடும். ஊதா மூடி ஈடிடிஏ ட்யூப்தான் வேண்டும். அன்றைக்கே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, 1 மில்லி வீதம் இரண்டு மூன்று குப்பியில் மைனஸ் 80-ல் வையுங்கள். ஒரே குப்பியில் வைத்து உருக்கி உருக்கி உறையவைத்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும்.

இரண்டாவது ட்யூபில் மூடி சரி, பட்டையும் விழுந்தது. ரிப்போர்ட்டைத் திறந்தால் புரோட்டியேஸ், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற வைரஸ் நொதிகள் இரண்டுதான். டி.எல்.டி.யின் முதுகெலும்பான டோலுடெக்ராவிர் தாக்குவது இன்டிகிரேஸ் என்ற இன்னொரு நொதியை! அதன் பகுதி அதே மரபணுவில் தள்ளி இருப்பதால் தனி பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு), தனி பிசிஆர் வேண்டும். "டிக் பண்ணினதைத்தானே செய்வோம்" என்றார்கள் லேபில். மாத்திரைப் பெயர் அதே படிவத்தில் இரண்டு வரி மேலே இருந்தது. ஒரு போன் பண்ணியிருக்கலாம். இன்டிகிரேஸ் என்று கையாலாவது எழுதி, கீழே கோடு போட்டு அனுப்புங்கள்.

ரிப்போர்ட்டோடு மூலக் கோப்பையும் (ஒவ்வொரு எழுத்தும் ஒரு வண்ண மேடாகத் தெரியும் வரைபடம்) கேட்டு வாங்குங்கள். வாங்கிப் பார்த்ததில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் 184-ஆவது கோடானின் (மூன்றெழுத்துத் தொகுதி) முதல் எழுத்தில் பச்சை ஏ மேட்டுக்குள்ளேயே கறுப்பு ஜி மேடு, ஏறக்குறைய பாதி உயரம். மென்பொருள் உயரமான ஏ-வை மட்டும் எடுத்து 'இயல்பு' என்று எழுதிவிட்டது. எதிர்த்திசையில் படித்த ரீடிலும் அதே இரட்டை மேடு இருந்ததால் அது இரைச்சல் இல்லை, கலப்புதான். அந்த எழுத்தை ஆர் (ஏ-யும் ஜி-யும் கலந்தது) என்று திருத்தி, மருந்து எதிர்ப்பைக் கணிக்கும் ஸ்டான்ஃபோர்டு தரவுத்தளத்தில் ஏற்றியதும் எம்184வி என்ற மாற்றம் வந்தது: லாமிவுடினுக்கு உயர் எதிர்ப்பு. கலப்பு சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இங்கே பயன்படுத்திய சாங்கர் சீக்வென்ஸிங் முறையில் இந்த மேடே தெரியாது.

மூன்றாவது முறை ரத்தம் எடுக்கும்வரை வயிற்றில் புளியைக் கரைத்தது. இத்தனை அலைச்சலில் வெறுத்துப்போய் அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் சில வாரங்களில் இயல்பான வைரஸ் பெருகி, எதிர்ப்பு வைரஸ் அடியில் பதுங்கிவிடும். எம்184வி-தான் முதலில் மறையும். ரிப்போர்ட் சுத்தமாக வரும், அது பொய்ச் சுத்தம். ரத்தம் எடுக்கும் நாள்வரை மாத்திரை தொடர வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும். கடைசியாக எப்போது விழுங்கினார் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.

நல்லவேளை, தொடர்ந்திருந்தார். இன்டிகிரேஸில் எதிர்ப்பு வரும் இடங்களான 118, 148, 155, 263 எல்லாம் சுத்தம். டோலுடெக்ராவிர் கைவிடவில்லை, மருந்தை மாற்றவும் இல்லை. அப்புறம் விசாரித்ததில், வெறும் வயிற்றில் அதோடு கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். கால்சியம் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இப்போது கால்சியம் ஆறு மணி நேரம் தள்ளி.