இரண்டாவது அஸ்தமனம்

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் அஸ்தமனம் ஆனது. சூரியன் வழக்கம்போல ஆறு மணிக்கே கிளம்பிப் போய்விட்டது, இது இரண்டாவது. இளஞ்சிவப்பாக, மெல்லிசாக, இவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து எழும்பி, தலைக்கு மேலே கொஞ்ச நேரம் தங்கி, கடைசியில் வெள்ளைச் சட்டைக் காலரில் போய் இறங்கியது.

இவர் வீடியோ மீட்டிங்கில் இருந்தார். எதிரே பதினோரு முகங்கள். அதில் ஒன்று, "சார், உங்க பக்கம் ஏதோ ஃபில்டர் ஆன் ஆகியிருக்கு போல" என்றது.

ஃபில்டர் ஆன் ஆகவில்லை. ஃபில்டர் இல்லாததுதான் பிரச்சினையே.

குட்டி மாதிரி விமானங்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் பொழுதுபோக்கு. அதில் முதலில் ஓர் அட்டைப்பெட்டிக் காலம் இருந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய இரண்டு குட்டி ஃபேனைப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டி, அதற்கு முன்னால் உட்கார்ந்து ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவி) அடித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஃபேன்கள் சத்தம் போட்டன. அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. முன்னால் ஒரு பஞ்சுத் திரையை வைத்தாலே மூச்சுத் திணறி நின்ற இடத்தில் சும்மா சுற்றும் ஜாதி அது. உள்ளே போகாத பெயின்ட் எங்கே போகும்? வீட்டுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறப் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) தூசி, நம்ம வீட்டு உறுப்பினர் மாதிரி எல்லா அறையிலும் நடமாடியது.

மூன்று நாள் கழித்து அத்தைக்குப் பார்வை மங்கியது. "புரை விழுந்துடுச்சு போல" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதி, உயில் தொனியில் பேச ஆரம்பித்தார். பதறி அடித்துக் கண் டாக்டரிடம் ஓடினோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையைக் காட்டினார், யோசித்தார், அப்புறம் அத்தையின் மூக்குக் கண்ணாடியை வாங்கித் துணியால் துடைத்துக் கொடுத்தார். பார்வை வந்துவிட்டது. ஃபீஸ் வாங்க மாட்டேன் என்றார். அதுதான் ரொம்பக் கேவலமாக இருந்தது.

வழியெல்லாம் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "உருப்படியா ஒண்ணு வாங்கிடும்மா. இல்லைன்னா என்னை எங்கேயாவது கொண்டு போய் விட்டுடு" என்றார்.

மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். பெயின்ட் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டிக்கு ஸ்ப்ரே பூத் என்று பெயர். பூத்தின் வாயில் நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் பூத்தின் வாய் ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம். அப்படியானால் நிமிடத்துக்கு 150 கன அடி. விளம்பரத்தில் போட்டிருக்கும் எண் ஃபில்டரும் பைப்பும் மாட்டாத எண்ணாகவும் இருக்கலாம். அதனால் அதற்கு மேலேயே பார்க்க வேண்டும். விசிறி மாதிரி இறக்கை வைத்தது வேண்டாம், உருளைக்குள் சுற்றுகிற புளோயர் வேண்டும். மோட்டார் தின்னர் ஆவி போகிற வழியிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு பொறி பறந்தால் விமானத்தோடு நாமும் பறப்போம். இதையெல்லாம் நோட்டில் எழுதி, கோடு போட்டு, அடித்து, திருத்தி உட்கார்ந்திருந்தபோது இவர் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு யோசிச்சு நீ என்னைக் கட்டிக்கலையே."

"அதனாலதான் இப்ப யோசிக்கிறேன்."

விலையை இவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன். நம்ம வீட்டில் சுவர்களுக்கும் காது உண்டு.

பெட்டி வந்தது. எல்ஈடி விளக்கு, சுழலும் தட்டு, நான்கு அங்குல நெளிவுக் குழாய். என் ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அதனால் பத்தடிக் குழாயை ஹால் ஜன்னல் வரைக்கும் இழுத்தோம். நான் அதை அலமாரிக்குப் பின்னால் நுழைத்து, மூன்று வளைவு வளைத்து, அழகாக மறைத்து வைத்திருந்தேன். அத்தை வந்து ஒரு டிஷ்யூ தாளை ஃபில்டர் முன்னால் பிடித்தார். தாள் சோம்பலாக ஆடி, கீழே விழுந்தது.

"இத்தனை மடக்கு மடக்குனா எப்படிம்மா போகும்? சிங்க் குழாய்கூட அடைச்சுக்கும்."

குழாயை நேராக்கினோம். டிஷ்யூ பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பூத்துக்கு அத்தைதான் தலைமைப் பொறியாளர். தினமும் காலையில் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு டிஷ்யூ வைத்துப் பார்ப்பார். விழுந்தால், "ஃபில்டர் அடைச்சிருக்கு, மாத்து" என்பார். எனக்கு இருக்கிற ஒரே தொழில்நுட்ப உதவி மையம் இதுதான். ஆனால் கூப்பிடாமலே வந்துவிடும்.

நேற்று விஷயத்துக்கு வருகிறேன். தட்டில் இருந்தது 1:72 ஸ்பிட்ஃபயர், அதாவது பிரிட்டிஷ் போர் விமானம் ஒன்றின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு மாதிரி. இறக்கையை விரித்தால் பதினைந்தரை சென்டிமீட்டர். அதுக்கு ரோஸ் கலர். சிரிக்காதீர்கள், சின்னவன் சிரித்ததே போதும். இரண்டாம் உலகப் போரில் தாழ்வாகப் பறந்து படம் எடுக்கப் போன ஸ்பிட்ஃபயர்கள் சிலவற்றுக்கு நிஜமாகவே வெளிர் இளஞ்சிவப்பு அடித்திருந்தார்கள். விடியலிலும் அந்தியிலும் மேகத்தோடு மேகமாகக் கரைந்துவிடும் என்று. ஹாலில் அது எவ்வளவு நன்றாகக் கரையும் என்பதை நேற்று கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் டிஷ்யூ விழுந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். புதுசு கையிருப்பில் இல்லை. ஆனால் பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்தாகிவிட்டது, அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கு வைத்தாகிவிட்டது, விமானம் தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. "ஒரே ஒரு கோட்தானே" என்று நினைத்தேன். என் வாழ்க்கையின் எல்லா விபத்துகளுக்கும் முதல் வரி இதுதான்.

ஆனாலும் தப்பு என்னுடையது மட்டும் இல்லை, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருந்தால் எல்லாத் தூசியும் வெளியேதான் போயிருக்கும். தெருவில் நாய் குரைக்கிறது, மீட்டிங்கில் கேட்கும் என்று இவர்தான் ஜன்னலைச் சாத்தினார். சாத்துவதற்காகக் குழாயை எடுத்தார். எடுத்த குழாயின் வாயை எங்கே வைத்தார்? தன் நாற்காலிக்குப் பக்கத்தில். மேலே பார்த்தாற்போல. பூச்சாடி மாதிரி.

எனக்கு வாசனையும் தெரியவில்லை. ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது என்று இரண்டு பக்கமும் டப்பா வைத்த மாஸ்க் போட்டிருந்தேன். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது நேற்று அது ஒன்றுதான்.

காலரை உதறியிருந்தால் பாதி போயிருக்கும். இவர் ஈரத் துணி போட்டுத் தேய்த்தார். இப்போது அது சட்டையின் சொந்த நிறம். ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரைக்கும் ஜன்னலா ஃபில்டரா என்று விசாரணைக் கமிஷன் நடந்தது. அத்தை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாமல் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம். பிள்ளை சட்டைக்கு வேறு காலர் தைக்கிறார் என்று நினைத்தேன்.

காலையில் பூத்தைப் பார்த்தால் ஃபில்டர் இருக்கிறது. இரண்டு பக்கமும் பழைய கொசுவலைத் துணி, நடுவில் பரத்திய வெள்ளைப் பஞ்சு, அது ஒரு பக்கமாகச் சரியாமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தையல். சுற்றிலும் பட்டி மடித்து, இழுத்துக் கழற்ற வசதியாக மேலே ஒரு காதுகூட வைத்திருந்தார். தைத்த நூல் ரோஸ் கலர்.

"ஒட்டுது, பாத்துட்டேன்" என்றார் அத்தை, நான் டிஷ்யூ எடுப்பதற்கு முன்பே.

மத்தியானம் இரண்டாவது கோட் முடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கை கழுவப் போகிற வழியில் அவர் அறையைப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைக்கு அடியில் நாலாக மடித்த போர்வை.

"தலையணை எங்கே அத்தை?"

"கழுத்து வலிக்குதுல்ல. டாக்டர்தான் தலையணை வேணாம்னு சொன்னார்."

"எந்த டாக்டர்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"கண் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.