வாஷிங் மெஷின் நாற்றமும் வீணாய்ப் போன இரண்டு சர்வீஸ் விசிட்டுகளும்

என் மகளின் பள்ளிச் சீருடை காய்ந்திருக்கும்போது வாடை எதுவும் தெரியாது. வியர்வை பட்டதும், ஊறவைத்து மறந்துபோன துணியின் சிக்கு வாடை அதிலிருந்து கிளம்பிவிடும். வகுப்பில் பக்கத்தில் அமரும் சிறுமி இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள் என்று அவள் வந்து சொன்ன அன்றுதான் சர்வீஸ் சென்டரை அழைத்தேன். பெங்களூரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம், போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் குடியிருப்பு எங்களுடையது. மெஷின் ஏழு வருடப் பழைய ஃப்ரண்ட் லோடு. அந்த நாற்றத்தை முழுவதும் ஒழிக்க இரண்டு மாதங்கள் ஆயின. அவற்றில் பெரும்பகுதி வீணானது என்பதுதான் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

முதல் முறை வந்த மெக்கானிக் கதவைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்த்தார். டிரம் சுத்தம் செய்யும் பொடி மூன்று பாக்கெட்டுகளை என்னிடம் விற்றார். ஒன்றைப் போட்டு ஓடவிட்டுவிட்டு, அது முடிவதற்குள், புகாரை முடித்து வைக்க என் கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டார். நானும் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் வாடை திரும்பியது. மறுபடி அழைத்தபோது, பழைய புகார் முடிந்துவிட்டதாகக் கணினி காட்டுகிறது என்று சொல்லி, புதிய புகாராகப் பதிவு செய்து விசிட்டிங் சார்ஜையும் புதிதாக வாங்கினார்கள். ஒரு முழு துவைப்பு ஓடி, நீர் வெளியேறி, நீங்களே முகர்ந்து பார்த்துத் திருப்தி அடையும்வரை அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். கையில் இருந்த ஒரே பிடியை நான் முதல் நாளே விட்டுவிட்டேன்.

இரண்டாவதாக வந்தவர் டிரம்மையே கழற்ற வேண்டும், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும் என்று ஆறாயிரத்துச் சொச்சத்துக்குக் கணக்குச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று மாலை, வீட்டு வேலைக்கு வரும் தர்மபுரி அக்கா, "கீழ ஒரு மூடி இருக்கும்மா, நான் வேலை பாக்குற இன்னொரு வீட்டுல மாசாமாசம் அதத் திறந்து கழுவுவாங்க" என்றார். மெஷினின் அடியில் வலது மூலையில் இருக்கும் பம்ப் ஃபில்டரைத்தான் அவர் சொன்னார். இரண்டு மெக்கானிக்குகளும் அந்த மூடியின் பக்கம் குனியக்கூட இல்லை.

நான் கொஞ்சம் அவசரப்பட்டுத் திறந்ததில் கறுத்த நீர், மெஷின் வைத்திருக்கும் யுட்டிலிட்டி அறை முழுவதும் ஓடியது. மூடிக்குள் ஒரு சிறிய ரப்பர் குழாய் இருந்தால், முதலில் அதன் வழியே நீரைத் தட்டில் வடித்துவிட்டு, பிறகு ஃபில்டரை இடப்பக்கமாகத் திருக வேண்டும். சுடுநீரில் துவைத்த உடனே திறக்கவே கூடாது. உள்ளே இரண்டு நாணயங்கள், ஒரு ஹேர்பின், அடையாளம் தெரியாமல் அழுகியிருந்த ஒரு குழந்தைச் சாக்ஸ், இவற்றையெல்லாம் சுற்றிச் சளி போன்ற வழவழப்பு. கேஸ்கெட்டின் அடிமடிப்பை விரலால் விரித்துப் பார்த்தபோதும் அதே வழவழப்புத்தான். நீர் வடிவதற்கென்று அங்கிருக்கும் சிறு துளைகள் அடைபட்டிருந்தன. சோப்புத் தட்டை முழுவதும் வெளியே எடுத்து, அது இருந்த பொந்தின் மேற்கூரையை டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே கரும்பூசணம்.

இத்தனையும் சேர்ந்ததற்கு என் பழக்கமே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நேரமில்லை என்று எப்போதும் பச்சைத் தண்ணீரில் பதினைந்து நிமிடத் துவைப்பு. வாடை வந்ததும் அதை மறைக்க இன்னும் அதிகமாக சோப்புத் திரவமும் வாசனைக் கண்டிஷனரும். இவை முழுவதும் அலசப்படாமல் டிரம்முக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத தொட்டிச் சுவரில் படிந்து பாக்டீரியாவுக்கு உணவாகின்றன. ஈரத் துணி வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். அது துணி காய்ந்தாலும் சாவதில்லை. மறுபடி ஈரம் கண்டதும் பெருகுகிறது. சீருடை வியர்த்ததும் நாறியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் தண்ணீரும் சும்மா இருக்கவில்லை. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு. எங்கள் போர்வெல் நீர் அந்த 200-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. அந்த உப்பு மெஷினுக்குள் படிந்து உண்டாகும் சொரசொரப்பில் அழுக்கு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

சுத்தம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கையுறை அணிந்து, நீர்த்த குளோரின் பிளீச்சில் நனைத்த துணியால் கேஸ்கெட்டைத் துடைத்து, நன்றாக அலசினேன். பிறகு துணி எதுவும் போடாமல், ஆக்சிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் பொடியை டிரம்மிலேயே கொட்டி 90 டிகிரியில் ஓடவிட்டேன். பச்சைத் தண்ணீரில் அது அவ்வளவாக வேலை செய்வதில்லை. உப்புப் படிவுக்கு அடுத்த வாரம் 100 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு 60 டிகிரியில் தனியாக ஒரு ஓட்டம். குளோரின் பிளீச்சையும் சிட்ரிக் அமிலத்தையும் அல்லது வினிகரையும் ஒரே நேரத்தில் சேர்த்துவிடாதீர்கள்; குளோரின் வாயு கிளம்பும், மூடிய யுட்டிலிட்டியில் அது உயிருக்கே ஆபத்து.

துணிகளின் வாடை போய்விட்டது. ஆனால் காலையில் டிரம்முக்குள் தலையை நீட்டினால் ஒரு நாற்றம் இன்னும் இருந்தது. ஈரம் தங்கக்கூடாது என்று இரவெல்லாம் கதவைத் திறந்து வைத்தும் அது கூடியதே தவிரக் குறையவில்லை. இங்கேதான் நான் மறுபடியும் இரண்டு வாரங்களை வீணாக்கினேன், மீதமிருந்த பொடிப் பாக்கெட்டுகளையும் கொட்டித் தீர்த்தேன். கடைசியில் சமையலறைக் குழாய் மாற்ற வந்த பிளம்பர் உள்ளே நுழைந்ததுமே, "இது மெஷின் நாத்தம் இல்லக்கா, சாக்கடை நாத்தம்" என்றார்.

அதைச் சோதித்துப் பார்க்க அவர் சொன்ன வழிக்குச் செலவே கிடையாது. மெஷினின் கழிவுநீர் ஹோஸைச் சுவரில் இருக்கும் குழாயிலிருந்து உருவிவிட்டு, குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்டு போட்டு இரவு முழுவதும் விட்டோம். காலையில் டிரம்மில் ஒரு துளி வாடை இல்லை. பையை அவிழ்த்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டு மாதங்களில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான். அந்தக் குழாய் இடையில் டிராப் எதுவும் இல்லாமல், அதாவது நீரைத் தேக்கிச் சாக்கடை வாயுவைத் தடுக்கும் வளைவு இல்லாமல், நேராகக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கப்பட்டிருந்தது. ஹோஸைச் சுற்றியிருந்த இடைவெளி வழியாக வாயு மேலே வந்து, திறந்து வைத்த டிரம்முக்குள் தேங்கி நின்றது.

குழாயை வெட்டி ஒரு பி டிராப் பொருத்த அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பொருளும் கூலியும் சேர்த்து, நான் கொடுத்த இரண்டு விசிட்டிங் சார்ஜின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. ஹோஸை 15 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே திணிக்க வேண்டாம், காற்றுப் போகாமல் இறுக்கி அடைக்கவும் வேண்டாம், அப்படிச் செய்தால் மெஷினுக்குள் வரும் நீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும் என்றும் சொன்னார். நீண்ட நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் டிராப்பில் நிற்கும் நீர் வற்றியிருக்கும். அங்கே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் போதும்.

சர்வீஸ் சென்டருக்கு இரண்டு ரசீதுகளையும் இணைத்து, ஒரே குறைக்காக ஒரே மாதத்துக்குள் இரண்டு முறை கட்டணம் வாங்கியதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நினைவூட்டல்களுக்குப் பிறகு இரண்டாவது விசிட்டிங் சார்ஜ் மட்டும் திரும்ப வந்தது. பொடிக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். கேஸ்கெட்டில் பதிந்த கறுப்புக் கறை இன்னும் அப்படியே இருக்கிறது. வழவழப்பும் வாடையும் இல்லாததால் அதை மாற்றப்போவதில்லை.