கொல்லிமலைக்கு முந்தின ராத்திரி

கிளம்ப ஒரே நாள் இருக்கும்போது பைக்கின் முன்விளக்கில் லோ பீம், அதாவது தாழ்வாக விழும் வெளிச்சம், போய்விட்டது. உயரமாக அடிக்கும் ஹை பீம் எரிந்தது. அதிலிருக்கும் எச்4 வகை பல்புக்குள் 55 வாட், 60 வாட் என்று இரண்டு இழைகள்; ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். ஹை பீமிலேயே சமாளிக்கலாம் என்றான் நண்பன். 70 கொண்டை ஊசி வளைவிலும் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைத்து ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

பல்பு ஆறக் கால் மணி நேரம் விட்டேன். முன்விளக்கைச் சுற்றியிருக்கும் வளையத்தின் ஸ்க்ரூவைக் கழற்றியதும் விளக்கு முன்னால் வந்துவிடும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளணும். பல்பில் ஒயரை இணைக்கும் கப்ளரை உருவிப் பார்த்தால் ஒரு ஓரம் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே உலோக முனை லூசாக இருந்து சூடேறியிருக்கிறது. அதையும் மாற்றினேன், இதைப் பார்க்காமல் பல்பை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்.

புது பல்பின் கண்ணாடியில் விரல் படவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். பல்பின் அடித்தகட்டில் நீட்டியிருக்கும் மூன்று காதுகளில் அகலமானது மேலே உட்காரணும். கம்பி கிளிப், ரப்பர் மூடி, கப்ளர், முடிந்தது.

ஆனால் வெளிச்சம் விழும் உயரத்தைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். பின்னால் பாரம் ஏறினால் முன்விளக்கு வானம் பார்க்கும். பைகளைக் கட்டி, மனைவியையும் உட்காரவைத்து, 25 அடி தள்ளி பக்கத்து மதில் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, உயரத்தைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகினேன்.

“இன்னும் எவ்வளவு நேரங்க?”

“இரும்மா, இன்னும் அரைத் திருகு.”